இரவு ஒன்பது மணிக்கு மூடப்படும் இணையதளம்

ஆர்கன்சா மாநிலத்தில் 2018 ஜூன் மாதம் தொடங்கி, 30 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள ஏழைகள் பலர் தாம் உழைத்துப் பிழைப்பவர்கள்தாம் என்று அரசுக்கு மாதந்தோறும் நிரூபிக்க வேண்டியிருந்தது. மாதத்துக்கு 80 மணி நேரம் வேலை, அல்லது படிப்பு, அல்லது தொண்டு. கணக்கை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் காட்டிவிட வேண்டும். ஓர் ஆண்டில் மூன்று மாதங்கள் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை மருத்துவக் காப்பீடு கிடையாது. கணக்கை இணையத்தில் மட்டுமே பதிய முடியும் என்று முதலில் விதித்திருந்தார்கள். தொலைபேசியில் சொல்லலாம் என்ற வசதி டிசம்பரில்தான் வந்தது. இணைய வசதி மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் ஆர்கன்சாவும் ஒன்று. அந்த இணையதளமோ தினமும் இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டு, காலை ஏழு மணிக்குத் திறக்கப்பட்டது.

இணையதளத்துக்கு எதற்கு உறக்கம் என்று நாம் சிரிக்கலாம். கோழி இறைச்சி ஆலையிலோ உணவகச் சமையற்கட்டிலோ நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு அது சிரிப்புக்குரிய செய்தியாக இருந்திருக்காது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அத்திட்டத்தை நிறுத்திவைத்தார். பின்னர் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது, விதி யாரைக் குறிவைத்ததோ அவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முன்பே நிபந்தனையை நிறைவு செய்துகொண்டிருந்தவர்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது. வேலைக்குப் போவோரின் எண்ணிக்கை கூடவில்லை. காப்பீடு இல்லாதோரின் எண்ணிக்கைதான் கூடியது.

ஏழாண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தென் மாநிலத்தில் நடந்து, நீதிமன்றத்தால் தடுக்கப்பட்ட ஒன்றை இப்போது எதற்குக் கிளற வேண்டும்? 2025 ஜூலை 4 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரும் நிதிச் சட்டம், அதே ஏற்பாட்டை நாடு தழுவியதாக ஆக்கியிருக்கிறது என்பதால்தான். மெடிகெய்ட் விரிவாக்கத்தின்கீழ் வரும், 19 முதல் 64 வயதுக்குட்பட்டோர் மாதம் 80 மணி நேர உழைப்பைக் காட்டியாக வேண்டும். 2027 ஜனவரி 1க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். விரும்பினால் முன்னரே தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த தகுதிச் சோதனை இவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். சட்டத்தின் விளைவாகப் பத்தாண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்திய அரசின் செலவு ஏறத்தாழ 91,100 கோடி டாலர் குறையும் என்றும், மெடிகெய்ட் உள்ளிட்ட எல்லா மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் 2034இல் காப்பீடற்றோர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி கூடியிருக்கும் என்றும் நாடாளுமன்றத்தின் கட்சி சாராத வரவுசெலவு அலுவலகம் கணித்திருக்கிறது.

அமெரிக்க நடைமுறை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். மெடிகேர் என்பது முதியோருக்கானது. 65 வயதானால் வரும். மெடிகெய்ட் ஏழைகளுக்கானது. இரண்டையும் 1965 ஜூலை 30 அன்று, மிஸ்ஸௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில், முதிய ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு லிண்டன் ஜான்சன் சட்டமாக்கினார். முதல் மெடிகேர் அட்டை ட்ரூமனுக்குக் கொடுக்கப்பட்டது. படத்தில் இடம்பிடித்தது மெடிகேர்தான். மெடிகெய்ட் அதே சட்டத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த தம்பி. அண்ணனைத் தொட எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வராது. தம்பியின் பெயரே பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் அது மெடி-கால், டென்னஸியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர், வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் ஹெல்த். தாம் மெடிகெய்டில் இருப்பதை அறியாமலே மெடிகெய்டைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்றால் அது அவர்களுடைய அறியாமை மட்டுமன்று. இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு நான்கின் பேற்றுச் செலவை அது ஏற்கிறது. முதியோர் மருத்துவ இல்லங்களில் வாழ்வோரில் பத்துக்கு ஆறு பேரைத் தாங்குவதும் அதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருந்தாலும் சேமிப்பெல்லாம் அந்த இல்லத்துக்குக் கரைந்தபின் அவர் வந்து சேரும் இடம் மெடிகெய்ட்.

சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை நாம் கேலியாக ஒதுக்க விரும்பவில்லை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 90,000 கோடி டாலரை மெடிகெய்டுக்குச் செலவிடுகின்றன. இது வளர்ந்துகொண்டே போகிறது. மோசடிகளும் உண்டு, ஆனால் கண்டுபிடிக்கப்படும் பெரிய மோசடிகளில் பல, நோயாளிகள் செய்தவை அல்ல, அவர்கள் பெயரில் பொய்ப் பட்டியல் போட்டவர்கள் செய்தவை. உடல் வலுவுள்ளவர் உழைக்கட்டும் என்பது எந்த ஊர்த் திண்ணையிலும் தலையாட்டல் பெறக்கூடிய வாக்கியம். நம் நண்பர்கள் பலர் அதற்குத் தலையாட்டுகிறார்கள். எட்டு டாலரோடு விமான நிலையத்தில் வந்து இறங்கிய கதையைச் சொல்லிவிட்டு ஆட்டுகிறார்கள்.

உடல் வலுவுள்ள ஏழை என்ற சொற்சேர்க்கைக்கு நெடிய வரலாறு உண்டு. 1601ஆம் ஆண்டின் எலிசபெத் காலச் சட்டமே ஏழைகளை உழைக்கக்கூடியவர், இயலாதவர் என்று இரண்டாகப் பிரித்தது. 1834இல் வந்த புதிய ஏழையர் சட்டம் அதற்கொரு கொள்கையைச் சேர்த்தது: உதவி பெறுபவனின் நிலை, உதவி பெறாமல் உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையைவிட எப்போதும் தாழ்ந்தே இருக்க வேண்டும். ஆலிவர் ட்விஸ்ட் பிறக்கும் அந்த விடுதி இக்கொள்கையின் கட்டடம். டிக்கன்ஸின் நாவலை உருகிப் படித்தவர்கள் அதே கொள்கை வேறு உடையில் வரும்போது அடையாளம் காணாமல் போவது ஏன் என்று நாம் அவ்வப்போது வியப்பதுண்டு. வேலையில்லாதவருக்கு உணவு கொடுக்காதே என்ற அந்தக் காலத்து வாதத்திலாவது ஒரு கொடூரமான தர்க்கம் இருந்தது. நீரிழிவுக்காரருக்கு இன்சுலினை நிறுத்தி அவரை வேலைக்கு அனுப்பலாம் என்பதில் அதுவும் இல்லை.

மெடிகெய்டில் உள்ள, ஊனமுற்றோர் உதவித்தொகையில் இல்லாத வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் ஏற்கெனவே வேலை செய்கிறார்கள். மீதியுள்ளோரில் பெரும்பாலோர் நோயாளிகள், நோயாளியைப் பார்த்துக்கொள்வோர், மாணவர்கள். புதிய சட்டம் இவர்களில் பலருக்கு விலக்களிக்கிறது என்பதும் உண்மையே. 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் பெற்றோர், ஊனமுற்றவரைப் பராமரிப்போர், கடும் நோயுற்றோர் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் விலக்கும் ஒரு தாள்தான். அதை யாரோ எழுதித்தர வேண்டும், யாரோ பதிவேற்ற வேண்டும், யாரோ படித்து ஏற்க வேண்டும். அரசிடம் உள்ள தரவுகளைக் கொண்டு மாநிலங்கள் தாமாகவே சரிபார்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படிச் சரிபார்க்கும் மென்பொருள் நேர்த்தியாக வேலை செய்தால் சேமிப்பு அவ்வளவாக இராது. மதிப்பிடப்பட்ட சேமிப்பின் பெரும்பகுதி, மனிதர்கள் வெளியே போவதால் வருவது. செம்மையாக நடந்தால் பணம் மிஞ்சாத ஒரு திட்டத்தைச் சிக்கனத் திட்டம் என்று அழைக்கிறார்கள்.

இவ்வளவையும் ஊகம் என்று தள்ளிவிட இயலாது. அண்மையில் நாடே பார்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து 2023 மார்ச் இறுதிவரை, மெடிகெய்டிலிருந்து பொதுவாக யாரையும் நீக்கக் கூடாது என்று விதி இருந்தது. அது முடிந்ததும் எல்லோருடைய தகுதியும் புதிதாகச் சோதிக்கப்பட்டது. இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் வருமானம் கூடியதால் நீக்கப்பட்டவர்கள் அல்லர். கடிதம் சேரவில்லை, படிவம் திரும்பவில்லை, கையெழுத்து விட்டுப்போயிற்று. அலுவலக மொழியில் இதற்கு நடைமுறைக் காரணங்கள் என்று பெயர்.

நம் குழுவில் ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு பொது நூலகத்தில் அமர்ந்து, வருவோருக்குப் படிவம் நிரப்பித் தருகிறார். நூலகம் என்றால் நமக்குப் புத்தகம். அங்கு வருவோரில் பாதிப்பேருக்கு அச்சு எடுக்கும் இயந்திரமும் கணினியும். 2023 இலையுதிர் காலத்தில் அங்கு வந்த ஓர் அம்மாளுக்கு வயது 58. இரண்டு வீடுகளிலும் ஒரு விடுதியிலும் துப்புரவு வேலை. பக்கவாதத்தால் படுத்த கணவர் வீட்டில். காப்பீடு போய்விட்டதை அவர் அறிந்தது மருந்துக்கடையின் வரிசையில். அரசின் கடிதம் அவர் காலிசெய்துவிட்ட பழைய முகவரிக்குச் சென்றிருந்தது. புதிய முகவரியைத் தொலைபேசியில் சொன்னதாக அவர் சொன்னார். அலுவலகத்தில் அப்படிப் பதிவு இல்லை. இரு மாதங்களில் காப்பீடு திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட இரு மாதங்களும் அவர் இன்சுலினைப் பாதி அளவாகப் போட்டுக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன் என்று அவர் சொல்லவில்லை. காலில் ஒரு புண் வந்தது, ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மணிக்கணக்கையும் நண்பர் எழுதிப் பார்த்தாராம். விடுதியில் கோடையில் மாதம் 110 மணி நேரம் கிடைக்கும். பிப்ரவரியில் 50கூடக் கிடைக்காது. மணிநேரத்தைத் தீர்மானிப்பவர் அவர் அல்லர், மேலாளர். ஒரு வீட்டுக்காரர் ரொக்கமாகத் தருவார், எழுத்தில் எதுவும் தரமாட்டார். புதிய சட்டத்தின்படி கணவரைப் பராமரிப்பதால் அவருக்கு விலக்குக் கிடைக்கக்கூடும். அதற்கான சான்றை, அவர் எழுதத் தெரியாத ஆங்கிலத்தில், நூலகத்தின் மூடும் நேரத்துக்குள் யாராவது அனுப்பிவைக்க வேண்டும்.

இப்படிப்பட்டதைச் சொல்லும்போது காஃப்காவின் பெயரை இழுப்பது நம் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. காஃப்காவுக்கு இதில் கொஞ்சம் அநீதி இழைக்கிறோம் என்று தோன்றுகிறது. அவர் காப்பீட்டு அலுவலகத்தின் வாசலில் நின்ற மனுதாரர் அல்லர். உள்ளே மேசையில் இருந்தவர். பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908இல் சேர்ந்து, காசநோயால் 1922இல் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். மரம் இழைக்கும் இயந்திரங்களில் தொழிலாளிகள் விரல் இழப்பதைத் தடுக்க எந்த வடிவக் கத்தித்தண்டு பாதுகாப்பானது என்று படங்களுடன் அறிக்கை எழுதியவர் அவர். நிறுவனத்தின் பணத்தைச் சேமிக்க அவர் அறிந்த வழி விரல்களைக் காப்பது. படிவம் நிரப்புபவரைத் தட்டுத்தடுமாற வைத்துச் சேமிக்கும் முறை அதற்கு நேர் எதிரானது.

டென்னஸிக்கு வருவோம். இலக்கிய வாசகர்களுக்கு அம்மாநிலத்தை அறிமுகப்படுத்த ஆப்ரகாம் வெர்கீஸ் போதும். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். டென்னஸியின் மலையடிவாரச் சிறு நகரான ஜான்சன் சிட்டியில், எண்பதுகளில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த அனுபவத்தை மை ஓன் கன்ட்ரி என்ற நூலாக எழுதினார். அந்நூல் 1994இல் வெளிவந்தது. டென்கேர் தொடங்கியதும் அதே ஆண்டின் ஜனவரியில்தான். ஏற்கெனவே நோயுற்றிருப்பதால் எந்தத் தனியார் நிறுவனமும் காப்பீடு தர மறுத்தவர்களையும் சேர்த்துக்கொண்டது அத்திட்டம். அந்நாளில் அது பெரிய துணிச்சல். செலவு ஏறியது. 2005இல் ஆளுநர் ஃபில் பிரெடெசன், அவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதைக் குறிப்பிட வேண்டும், ஏறத்தாழ 1,70,000 பேரை நீக்கினார். எஞ்சிய வயதுவந்தோரில் பெரும்பாலோருக்கு மாதம் ஐந்து மருந்துகள்தாம் என்று வரம்பு வந்தது. அவற்றிலும் இரண்டு மட்டுமே நிறுவனப் பெயர் கொண்டவையாக இருக்கலாம்.

ஐந்து என்ற எண்ணை நாம் சற்றே நின்று பார்க்க வேண்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம், இதயம் என மூன்றும் உள்ள ஒருவருக்கு எட்டு, ஒன்பது மருந்துகள் இயல்பு. ஐந்தைத் தேர்ந்தெடு என்றால் மருத்துவர் என்ன செய்வார்? ரத்த அழுத்த மாத்திரையா, மனச்சோர்வு மாத்திரையா? எந்த மருத்துவ நூலிலும் இந்த அத்தியாயம் இல்லை. செலவைக் கட்டுப்படுத்த அரசு எடுத்த முடிவின் கடைசிப் படி, மருத்துவர் மேசையில் ஒரு கிழவர் தன் குப்பிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் முடிந்தது.

டென்னஸி நமது வாதத்துக்கு முழுதும் சாதகமானதன்று. அந்த நீக்கத்துக்குப்பின் வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடியதாகப் பொருளியலாளர்களின் ஆய்வொன்று காட்டியது. ஆர்கன்சாவில் காணாதது அங்கு காணப்பட்டது. காரணமும் அதே ஆய்வில் உண்டு: பலர் காப்பீடு தரும் வேலைகளைத் தேடிப் போனார்கள். அதாவது காப்பீட்டின் மதிப்பை அவர்கள் நம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள். வேலை கிடைத்தவர்கள் தப்பினார்கள். ஆனால் நீக்கத்துக்குப்பின் டென்னஸியின் ஏழைப் பகுதிப் பெண்களுக்கு மார்பகப் புற்று முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது கூடியதாக வேறோர் ஆய்வு சொல்கிறது. இரண்டும் உண்மையே. இவற்றை ஒரே தராசில் வைக்கும் துணிவு நமக்கில்லை.

அதே 2005இல் மிஸ்ஸௌரியும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை நீக்கியது. ஜான்சன் கையெழுத்திட்ட அதே மண். பதினைந்தாண்டுகளுக்குப்பின், 2020 ஆகஸ்டில், அம்மாநில மக்களே நேரடி வாக்கெடுப்பில் மெடிகெய்டை விரிவாக்கும்படி தீர்ப்பளித்தார்கள்.

வெட்டு எப்போதும் எங்கே முதலில் விழும் என்பதற்கும் ஒரு முறை உண்டு. முதியோர் மருத்துவ இல்லத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஊனமுற்றவர் தம் வீட்டிலேயே வாழ உதவும் பணியாளருக்கான செலவோ பெரிதும் மாநிலத்தின் விருப்பம். பணம் குறைந்தால் விருப்பங்கள்தாம் முதலில் போகும். வயதுவந்தோருக்கான பல் மருத்துவமும் அப்படியே. 2009இல் நிதி நெருக்கடியில் கலிஃபோர்னியா அதைப் பெருமளவு நிறுத்தியது. பல்வலியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் கூடினார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் பார்க்காமல் திருப்பக் கூடாது. ஆனால் அங்கே பல் மருத்துவர் இருப்பது அரிது. வலிமாத்திரையும் கிருமிக்கொல்லியும் தந்து அனுப்புவார்கள். சில வாரங்களில் அதே பல், அதே வரிசை. முன்பல் இல்லாத ஒருவரைக் கடையின் முன்மேசையில் வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதை வேலை வேலை என்று பேசுவோர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2014இல் பகுதியாகவும் 2018இல் முழுமையாகவும் அச்சேவை திரும்ப வந்தது. இடையில் பிடுங்கப்பட்ட பற்கள் வரவில்லை.

நம்மவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். நிரந்தரக் குடியுரிமை அட்டையோடு வந்து சேரும் பெற்றோருக்குப் பொதுவாக ஐந்தாண்டுகள் வரை மெடிகெய்ட் கிடையாது என்பது 1996இலிருந்தே உள்ள விதி. அதை நாம் நன்கறிவோம். அகதிகளாகவும் புகலிடம் பெற்றவர்களாகவும் வந்தோருக்கு அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. புதிய சட்டம் 2026 அக்டோபர் 1 முதல் அவர்களில் பெரும்பாலோரின் தகுதியையே எடுத்துவிடுகிறது. போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் குடும்பங்களை அறிந்த எவரும் இந்த வரியை வேகமாகக் கடந்துபோக மாட்டார். இன்னொன்று, வெர்கீஸைப் போலச் சிற்றூர் மருத்துவமனைகளில் பணிபுரியும் இந்திய மருத்துவர்கள், தமிழர்கள் உட்பட, ஏராளம். விசாச் சலுகைக்காக மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே வேர்விட்டவர்கள் அவர்களில் உண்டு. அம்மருத்துவமனைகள் பல மெடிகெய்டை நம்பி நிற்பவை. மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வரி வாங்கி அதைக்கொண்டு மத்திய நிதியைப் பெறும் ஏற்பாட்டுக்கும் புதிய சட்டம் கடிவாளம் போடுகிறது. அவற்றின் துயரைத் தணிக்க ஐந்தாண்டுகளுக்கு 5,000 கோடி டாலர் நிதி ஒன்றும் உண்டு. இழப்பின் அளவோடு ஒப்பிட்டால் அது கட்டை விரலுக்குக் கட்டு.

மெடிகெய்ட் உயிர் காக்கிறதா என்ற கேள்வியை இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஆரகன் மாநிலம் 2008இல் குலுக்கல் முறையில் இடங்களைத் தந்தபோது, சுமார் 10,000 இடங்களுக்கு 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் வென்றோரையும் தோற்றோரையும் ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இரண்டாண்டுகளில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் தெளிவான மாற்றம் காணப்படவில்லை; மனச்சோர்வும் மருத்துவக் கடனும் குறைந்திருந்தன. ஐயப்படுவோர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். பின்னர் மிகப் பெரிய தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, விரிவாக்கத்தை மறுத்த மாநிலங்களில் 2014 முதல் 2017 வரை சுமார் 15,600 மரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. அந்த 15,600 பேரில் ஒருவரைக்கூட யாராலும் சுட்டிக்காட்ட இயலாது என்பதே இவ்வகை மரணத்தின் வசதி.

சட்டத்தின் உட்பிரிவுகளில் நம்மை மிகவும் உறுத்துவது செய்தித்தாள்கள் அதிகம் பேசாத ஒன்று. வேலைக் கணக்கைக் காட்டாததால் மெடிகெய்டை இழந்தவர், அரசு மானியத்தோடு சந்தையில் வேறு காப்பீடு வாங்கவும் முடியாது. ஒரு கதவை மூடியவர்கள் பக்கத்துக் கதவையும் மூடியிருக்கிறார்கள். காப்பீடு இல்லாத நாட்களில் நேர்ந்த செலவைப் பின்னோக்கி ஏற்கும் காலமும் இவர்களுக்கு மூன்று மாதத்திலிருந்து ஒரு மாதமாகச் சுருங்குகிறது. நூலகத்து அம்மாளின் அந்த இரண்டு மாதங்களில் ஒன்றுதான் இனி கணக்கில் வரும்.

கணக்கில் குறை கண்டால் அதைச் சரிசெய்யச் சட்டம் முப்பது நாள் தருகிறது. முப்பது நாள் என்பது கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடுவதா, அலுவலகத்திலிருந்து புறப்பட்ட நாளிலிருந்தா என்று நண்பர் அந்த அம்மாளின் பழைய உறையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையில் இருந்த தேதிக்கும் கடிதத்தில் அச்சாகியிருந்த தேதிக்கும் ஒன்பது நாள் இடைவெளி இருந்தது.